பிசிஜி முதுகில் எச்ஐவி தடுப்பூசி

காசநோய்த் தடுப்பூசிக் கிருமியான பிசிஜியை வளர்க்கிறவர்களிடம் அவசரக் குணம் இருந்தால் சீக்கிரமே போய்விடும். ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா நல்ல சாப்பாடு கிடைத்தால் இருபது நிமிடத்தில் ஒன்று இரண்டாகும். பிசிஜிக்கு அதே வேலைக்குக் கிட்டத்தட்ட இருபது மணி நேரம் வேண்டும். தட்டில் பரப்பி இன்குபேட்டரில் வைத்தால், கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ஒரு காலனி எழும்ப மூன்று வாரம். குடுவையில் வளர்த்தாலோ மெழுகுத் தன்மையுள்ள மேலுறையால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திட்டுத் திட்டாக மிதக்கும். அதைப் பிரித்து வைக்க ட்வீன் 80 என்ற சோப்பு மாதிரியான பொருளைக் கொஞ்சம் விட்டுக் குலுக்க வேண்டும். என் ஆய்வுக் காலத்தில் பாதி இப்படிக் குலுக்கியே கழிந்தது.

குலுக்கியது காசநோய்க்காக அல்ல. அந்த பிசிஜிக்குள் எச்ஐவியின் ஒரு ஜீனை ஏற்றியிருந்தோம். யாரிடம் சொன்னாலும் உடனே வரும் கேள்வி: "எச்ஐவிக்கும் பிசிஜிக்கும் என்ன சம்பந்தம்?" அந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல எனக்கு யாரும் நேரம் தந்ததில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

கால்மெட், கெரான் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் 1908இல் தொடங்கி மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பித்தநீரும் கிளிசரினும் கலந்த உருளைக்கிழங்கு ஊடகத்தில் திரும்பத் திரும்ப வளர்த்தார்கள். பதின்மூன்று வருடம், 230 தடவை. அதற்குள் கிருமி நோய் உண்டாக்கும் வீரியத்தை இழந்துவிட்டது. 1921இல் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள், அதுவும் ஊசியாக இல்லை, வாய்வழியாக. அன்றிலிருந்து இன்றுவரை பல நூறு கோடி டோஸ்கள் போடப்பட்டிருக்கின்றன. மலிவு, பழக்கப்பட்டது, பிறந்தவுடனே போடலாம். இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம், பிசிஜி உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்பது. நோய்த்தடுப்பு மண்டலத்தின் முதல்நிலைக் காவல் செல்களான மேக்ரோபேஜ், டென்ட்ரிடிக் செல் இவற்றுக்குள்ளேயே புகுந்து குடியிருக்கும். ஒரு புரத ஊசி சில நாட்களில் கரைந்துபோகும். பிசிஜி வாரக்கணக்கில், மாதக்கணக்கில் உள்ளே இருக்கும். அதன் செல்சுவரே நோய்த்தடுப்பு மண்டலத்தைத் தட்டி எழுப்புகிற சேர்மங்களால் ஆனது. இப்படி ஒரு கிருமியிடம் எச்ஐவியின் புரதத்தையும் தயாரிக்கச் சொன்னால், தடுப்பூசி, அதைத் தூக்கிச் செல்லும் கேரியர், தூண்டுபொருள் மூன்றும் ஒரே ஊசியில் முடிந்துவிடுமே என்று தோன்றுவது இயல்புதான்.

1991இல் நேச்சர் இதழில் இதைச் செய்துகாட்டினார்கள். பிசிஜிக்குள் அந்நிய ஜீன்களை ஏற்றுவதற்கான பிளாஸ்மிட்களை, அதாவது சிறு டிஎன்ஏ வளையங்களை, ஸ்டோவரும் கூட்டாளிகளும் உருவாக்கினார்கள். அல்டோவினி, யங் இருவரும் எச்ஐவியின் காக், போல், என்வ் புரதங்களை பிசிஜியில் தயாரித்து எலிகளுக்குப் போட்டார்கள். ஆன்டிபாடியும் வந்தது, டி செல்களும் வந்தன. வைரஸைக் கண்டுபிடித்து எட்டு வருடம்தான் ஆகியிருந்தது. அந்தக் கட்டுரைகளை இப்போது எடுத்துப் படித்தாலும் "இதோ வந்துவிட்டது" என்ற நம்பிக்கை தொனிக்கும்.

வரவில்லை. ஏன் வரவில்லை என்பதில் கொஞ்சம் எங்கள் மேசையிலேயே கண்ணால் பார்த்தது.

நாங்கள் எடுத்துக்கொண்டது காக் புரதம், வைரஸின் உட்கூட்டைக் கட்டுகிற புரதம். அதன் ஜீனை பிஎம்வி261 என்ற பிளாஸ்மிட்டில் வைத்து, மின்னதிர்ச்சி கொடுத்து பிசிஜிக்குள் நுழைத்தோம். பிளாஸ்மிட்டில் கனமைசின் எதிர்ப்பு ஜீனும் உண்டு. ஊடகத்தில் கனமைசின் போட்டால் பிளாஸ்மிட் இல்லாத கிருமி செத்துவிடும், இருப்பது பிழைக்கும். அதனால் ஆய்வகத்தில் எல்லாமே அழகாக இருந்தது. புரதத்தைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் காக்குக்கான பட்டை கரு கருவென்று விழுந்தது.

ஆனால் மனித உடம்பில் கனமைசின் கிடையாது. அதனால் கனமைசின் இல்லாத ஊடகத்தில் அதே கிருமியைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் எடுத்து பிளாட் ஓட்டினோம். இடது கோடியில் முதல் தலைமுறை, வலது கோடியில் கடைசி. இடமிருந்து வலமாகப் பட்டை மங்கிக்கொண்டே போய், கடைசித் தடத்தில் தேடிப் பார்க்க வேண்டியதாகிவிட்டது. சரி, கிருமி பிளாஸ்மிட்டைத் தூக்கி எறிகிறது என்று முடிவு கட்டினோம். அப்புறம் பிசிஆர் செய்து பார்த்தால் சில காலனிகளில் பிளாஸ்மிட் அப்படியே இருக்கிறது, காக் ஜீன் இருக்கும் துண்டு மட்டும் குட்டையாகிவிட்டிருக்கிறது. வெளிப்பாட்டை ஓட்டுகிற பகுதியிலேயே ஒரு துண்டைக் கிருமி கழற்றிவிட்டிருந்தது. தனக்கு ஒரு பயனும் இல்லாத புரதத்தை மூட்டை மூட்டையாகத் தயாரிக்கச் சொன்னால் எந்தக் கிருமி செய்யும்? செய்யாத கிருமி வேகமாக வளரும், கொஞ்ச நாளில் குடுவை முழுக்க அதுதான் இருக்கும். எங்கள் கைடு பிளாட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கிருமி நல்லா உயிரோட இருக்கு. சரக்கு எங்கப்பா?"

இந்தத் தொல்லை எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல, இந்தத் துறைக்கே பழகிய ஒன்று. இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, ஜீனை பிளாஸ்மிட்டில் விடாமல் குரோமோசோமிலேயே பதித்துவிடுவது. எல்5 என்ற பாக்டீரியோபேஜ் (பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸ்) பயன்படுத்தும் இடத்தைக் கடன் வாங்கி, பிஎம்வி361 மாதிரியான பிளாஸ்மிட்டால் செய்யலாம். ஜீன் நிலைத்து நிற்கும், ஆனால் ஒரே ஒரு பிரதி. புரதம் கொஞ்சமாகத்தான் வரும். மற்றது எனக்குப் பிடித்த வழி. லைசின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்கும் ஜீனை பிசிஜியிலிருந்து எடுத்துவிட்டு, அதே ஜீனை காக் இருக்கும் பிளாஸ்மிட்டில் வைப்பது. பிளாஸ்மிட்டை எறிந்தால் கிருமியும் பட்டினி கிடந்து சாகும். ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு ஜீனும் தேவையில்லை. மனிதர்களுக்குப் போடுகிற எதிலும் அந்த ஜீன் இருக்கக்கூடாது என்று ஒழுங்குமுறை அதிகாரிகள் கறாராக இருப்பார்கள், அது நியாயமும்கூட. பார்சிலோனாவில் ஜோன் ஜோசப்பும் ஆக்ஸ்போர்டில் தோமாஷ் ஹான்கேயும் சேர்ந்து உருவாக்கிய பிசிஜி-எச்ஐவிஏ இந்த வகைதான்.

ஆனால் சரக்கு நிலைத்தாலும் அடுத்த சிக்கல் காத்திருக்கிறது. பிசிஜிக்குச் சொந்தமாக நாலாயிரம் ஜீன் அளவில் இருக்கின்றன. அந்தக் கூட்டத்துக்குள் நம் காக் ஒன்று. நோய்த்தடுப்பு மண்டலம் பெரும்பாலும் மற்றவற்றைத்தான் கவனிக்கிறது. அதனால் பிசிஜி மட்டும் போட்டால் எச்ஐவிக்கான எதிர்வினை மெலிதாகத்தான் வரும். முதலில் பிசிஜி, பிறகு அதே புரதத்தைச் சுமக்கும் வேறொரு கேரியர், பெரும்பாலும் எம்விஏ என்ற பலவீனப்படுத்திய பாக்ஸ் வைரஸ், என்று போட்டால் கதை மாறுகிறது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது எச்ஐவி புரதம் மட்டும்தான், ஆகவே இரண்டாவது ஊசியில் அதற்கான செல்கள்தான் பெருகும். எலிகளிலும் குரங்குகளிலும் இது நன்றாகவே வேலை செய்தது. பாக்டீரியா கேரியர் தனியாக நிற்கக்கூடியது அல்ல, முதல் அடி எடுத்துக் கொடுப்பது என்று நான் புரிந்துகொண்டது அந்தத் தரவுகளிலிருந்துதான்.

பிசிஜியின் இன்னொரு குறை, அது விழுங்கப்பட்ட பைக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். வைரஸ் தொற்றிய செல்லைக் கொல்லும் சிடி8 டி செல்களை எழுப்ப வேண்டுமானால், புரதம் அந்தப் பையைவிட்டு வெளியே, செல்லின் திரவப் பகுதிக்கு வர வேண்டும். அதில் கில்லாடி லிஸ்டீரியா. விழுங்கப்பட்ட சில நிமிடங்களில் லிஸ்டீரியோலைசின் என்ற நச்சால் பையில் ஓட்டை போட்டு வெளியேறிவிடும். வெளியே வந்ததும் செல்லின் ஆக்டின் புரதத்தைத் தன் பின்னால் இழையாகக் கட்டி, அந்த உந்துதலில் செல்லுக்குள் குறுக்கும் நெடுக்கும் ஓடும், பக்கத்துச் செல்லுக்குள்ளும் முட்டிக்கொண்டு நுழையும். ஒளிரும் சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு கிருமிக்கும் பின்னால் நீளமாக ஒரு வால் தெரியும். இதற்கென்றே பக்கத்து ஆய்வகத்துக்கு நான் அடிக்கடி போவதுண்டு. பிசிஜிக்காரனுக்கு அந்த வேகத்தைப் பார்க்கப் பொறாமைதான்.

1995இலேயே லிஸ்டீரியாவில் காக் புரதத்தை வைத்து எலிகளில் வலுவான டி செல் எதிர்வினை காட்டினார்கள். ஆனால் லிஸ்டீரியா கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் உயிராபத்தானது. டி-அலனின் வெளியிலிருந்து கொடுக்காவிட்டால் வளர முடியாத திரிபை உருவாக்கினார்கள், பாதுகாப்பு கூடியது. அப்புறம் பெர்லினில் ஸ்டெஃபான் காஃப்மன் குழு செய்தது எனக்கு இந்தத் துறையின் மிக அழகான யோசனைகளில் ஒன்று. லிஸ்டீரியாவின் அந்த ஓட்டை போடும் நச்சை பிசிஜிக்குக் கொடுத்தார்கள். அந்த நச்சு அமிலச் சூழலில்தான் வேலை செய்யும். பிசிஜியோ யூரியேஸ் என்ற நொதியால் பைக்குள் அமிலம் சேரவிடாது. எனவே யூரியேஸ் ஜீனையும் எடுத்துவிட்டார்கள். விபிஎம்1002 என்ற அந்த பிசிஜி இன்று காசநோய்த் தடுப்பூசியாகப் பெரிய மனிதச் சோதனைகள் வரை போயிருக்கிறது. எச்ஐவிக்காக அல்ல என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

சால்மொனெல்லாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாய்வழியாகக் கொடுக்கலாம், குடல் சுவரின் எம் செல்கள் வழியாக நேரே குடலின் நோய்த்தடுப்புத் திசுக்களுக்குப் போகும். டைஃபாய்டுக்கு டிஒய்21ஏ என்ற உயிருள்ள மாத்திரை ஏற்கெனவே இருக்கிறது. எச்ஐவி முதலில் சூறையாடுவதும் குடலைத்தான். குரங்குகளில் எஸ்ஐவி (எச்ஐவியின் குரங்கு உறவு) தொற்றிய சில வாரங்களுக்குள் குடலின் சிடி4 செல்கள், அதாவது நோய்த்தடுப்பை வழிநடத்தும் டி செல்கள், பெருமளவு அழிந்துபோவதை 1998இல் காட்டிவிட்டார்கள். ஆக, காவல் வேண்டிய இடமும் கேரியர் போகும் இடமும் ஒன்று. காகிதத்தில் இதைவிடப் பொருத்தம் கிடையாது. காக் புரதத்தைச் சுமந்த சால்மொனெல்லாவை ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குக் கொடுத்த சிறிய சோதனை 2006இல் வெளியானது. கிருமி பெரிய தொந்தரவு தரவில்லை. சால்மொனெல்லாவுக்கு எதிர்வினை வந்தது. காக்குக்கு மிகச் சொற்பம்.

ஏன் எல்லோரும் காக்கையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள், வைரஸின் வெளியே இருக்கும் என்வ் புரதம்தானே ஆன்டிபாடிகளுக்கு இலக்கு என்று கேட்கலாம். சரியான கேள்வி. என்வின் வெளிப்பகுதியான ஜிபி120இன் எடையில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. வைரஸ் நம் செல்லுக்குள் உருவாகும்போது நம் செல்லே அந்தச் சர்க்கரையைப் பூசிவிடுகிறது. பாக்டீரியாவுக்கு அந்த வேலை தெரியாது. அது தயாரிக்கும் என்வ் சர்க்கரை இல்லாமல், பெரும்பாலும் ஒழுங்காக மடியாமல் வரும். பலவகை எச்ஐவியையும் முடக்குகிற அபூர்வ ஆன்டிபாடிகள் பிடிப்பது அந்த மடிப்புகளையும் சர்க்கரைகளையும்தான். அதனால் உயிருள்ள பாக்டீரியாவில் ஏற்ற எளிதானது காக், காக்கால் கிடைப்பது டி செல். டி செல் தொற்றிய செல்லைக் கொல்லும், தொற்றையே தடுக்காது. மருந்தில்லாமலே வைரஸைக் கட்டுப்படுத்தும் அபூர்வ நோயாளிகளில் பலருக்கு காக்கைக் குறிவைக்கும் டி செல்கள் வலுவாக இருப்பது உண்மை. ஆனால் கட்டுப்படுத்துவது வேறு, வராமல் காப்பது வேறு.

இதற்கும் மேல் ஒரு பயம் உண்டு. எச்ஐவிக்கு இரை சிடி4 டி செல், அதிலும் விழித்துச் செயல்படும் சிடி4 டி செல். நல்ல தடுப்பூசி என்று நாம் சொல்வது எதை? சிடி4 டி செல்களை விழிக்க வைப்பதை. தீயணைக்கக் கூப்பிட்ட ஆளே விறகாகிவிடும் நிலை. 2007இல் நிறுத்தப்பட்ட ஸ்டெப் என்ற எச்ஐவி தடுப்பூசிச் சோதனையில் கேரியர் பாக்டீரியா அல்ல, அடினோவைரஸ் 5. ஏற்கெனவே அந்த அடினோவைரஸுக்கு ஆன்டிபாடி இருந்த, சுன்னத் செய்யாத ஆண்களில், தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கே தொற்று கூடுதலாகத் தெரிந்தது. பலவீனப்படுத்திய காசநோய்க் கிருமியில் எஸ்ஐவி ஜீன்களை ஏற்றிக் குட்டிக் குரங்குகளுக்கு வாய்வழியாகக் கொடுத்த ஆய்வு ஒன்றிலும், தடுப்பூசி பெற்ற குட்டிகளுக்குத் தொற்று வரக் குறைவான தடவை வைரஸ் கொடுத்தாலே போதுமாக இருந்தது. அந்தக் கட்டுரையைப் படித்த அன்று ஆய்வகத்தில் யாரும் அதிகம் பேசவில்லை. மைக்கோபாக்டீரியா (பிசிஜியும் காசநோய்க் கிருமியும் சேர்ந்த இனம்) எதிர்ப்பாற்றலைத் தட்டி எழுப்பும் என்பதுதானே நாங்கள் ஒவ்வொரு நிதி விண்ணப்பத்திலும் முதல் பத்தியில் எழுதுவது!

பாதுகாப்பும் இதே முடிச்சுதான். எச்ஐவி தொற்றிய கைக்குழந்தைக்கு பிசிஜி போட்டால் அந்தப் பலவீனமான கிருமியே உடம்பெங்கும் பரவக்கூடும். 2007இல் உலக சுகாதார நிறுவனம் அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு பிசிஜி வேண்டாம் என்றது. 2018இல், மருந்து எடுத்துக்கொண்டு உடல்நிலை சீராக இருப்பவர்களுக்குப் போடலாம் என்று தளர்த்தியது. பிறந்தவுடனே போடலாம் என்பதுதான் பிசிஜியின் பெருமை. எச்ஐவி அதிகமுள்ள இடங்களில் பிறந்தவுடன் தயங்க வேண்டியதும் அதே பிசிஜிதான்.

இத்தனைக்கும் பிறகு பாக்டீரியாவைக் கைகழுவிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அதன் உயிரை விட்டுவிட்டுப் பாகங்களை எடுத்துக்கொள்ளலாம் என்ற பக்கம் சாய்ந்திருக்கிறேன். 2022இல் வெளியான ஐஏவிஐ ஜி001 என்ற எச்ஐவி தடுப்பூசிச் சோதனையில், தடுப்பூசி போட்டுக்கொண்ட 36 பேரில் 35 பேருக்கு, அந்த அபூர்வ ஆன்டிபாடிகளை நோக்கிய முதல் படிக்குத் தேவையான வகை பி செல்கள் (ஆன்டிபாடி தயாரிக்கும் செல்கள்) கிளம்பின. அதில் ஊசியோடு கலந்த தூண்டுபொருள் ஏஎஸ்01பி. அதன் ஒரு பாதி எம்பிஎல், சால்மொனெல்லா மின்னசோட்டாவின் மேலுறைக் கொழுப்பை நச்சு நீக்கி எடுத்தது. கிருமி முழுசாகப் போய்ச் சாதிக்காததை அதன் தோலில் ஒரு துணுக்கு செய்துவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்வேன். இரண்டும் வெவ்வேறு சோதனை, நேரடியாக ஒப்பிட முடியாது என்று பக்கத்தில் இருப்பவர் உடனே திருத்துவார்.

சர்க்கரைத் தொல்லைக்கும் ஒரு சந்து கிடைத்திருக்கிறது. என்வ் புரதத்தில், வைரஸ் நம் செல்லோடு இணையும்போது நீட்டும் ஃபியூஷன் பெப்டைட் என்ற சிறு முனை. அதன் நுனியில் எட்டு அமினோ அமிலங்களே போதும், அவற்றில் சர்க்கரை கிடையாது. 2018இல் அந்தத் துண்டை ஒரு கேரியர் புரதத்தோடு கோத்து, பிறகு முழு என்வ் புரதத்தால் பூஸ்ட் செய்தபோது, எலிகளில் கிடைத்த ஆன்டிபாடிகளில் சிறந்தவை 208 எச்ஐவி வகைகளில் 31 சதவீதம் வரை முடக்கின. அப்போதைய கேரியர் ஒரு கடல்நத்தையின் புரதம். பின்னாளில் டெட்டனஸ் நச்சின் ஒரு பகுதியையும் கேரியராக முயன்றார்கள், மறுபடியும் பாக்டீரியா! இன்னொரு பக்கம் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் சைக்னர் குழு, தேவையில்லாத ஜீன்கள் பலவற்றை நீக்கிய ஈ.கோலையின் மேற்பரப்பில் இப்படிப்பட்ட பெப்டைடை நிறுத்தி, கிருமியைக் கொன்று, ஊசியாகப் போடும் வழியை எடுத்திருக்கிறது. சொந்தப் புரதங்கள் குறையக் குறைய நாம் ஏற்றியது கண்ணில் படும் என்பது கணக்கு. கொரோனா வகை வைரஸ் ஒன்றின் ஃபியூஷன் பெப்டைடை இப்படி வைத்துப் பன்றிகளில் நோயைக் குறைத்துக் காட்டியது 2021இல் வந்தது. பிளாஸ்மிட்டை எறியும் சிக்கல் செத்த கிருமிக்குக் கிடையாது, எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

ஈ.கோலை என்றதும் ஒரு எச்சரிக்கையும் சேர்த்துவிடுகிறேன். எச்விடிஎன் 505 என்ற எச்ஐவி தடுப்பூசிச் சோதனையில் தடுப்பூசி எழுப்பிய ஆன்டிபாடிகளில் பெரும்பங்கு, என்வின் இன்னொரு பகுதியான ஜிபி41இல் வைரஸை முடக்காத பகுதியைத்தான் பிடித்தது, அவற்றில் பல குடல் பாக்டீரியாவையும் பிடித்தன என்று 2015இல் சயின்ஸ் இதழில் காட்டினார்கள். குடலில் இருக்கும் கிருமிகள் பழக்கிவைத்த பி செல்கள் முந்திக்கொண்டுவிட்டன. ஃபியூஷன் பெப்டைட் உட்கார்ந்திருப்பதும் அதே ஜிபி41இன் தொடக்கத்தில்தான். பாக்டீரியா மேல் அதை வைத்துக் கொடுக்கும்போது பழைய நினைவு எதையாவது கிளறிவிடுகிறோமா என்பதை ஆரம்பத்திலேயே சோதிக்க வேண்டும்.

புதிதாகச் சேரும் மாணவர்கள் பிசிஜி-காக் எடுக்கட்டுமா என்று என்னிடம் வருவதுண்டு. தனி எச்ஐவி தடுப்பூசியாக வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். உயிருள்ள கேரியர்தான் வேண்டும் என்றால் விபிஎம்1002 மாதிரி காசநோய்க்கென்றே நிற்கக்கூடிய ஒன்றை எடு, எச்ஐவி அதில் கூடுதல் சுமையாக வரட்டும். எதை எடுத்தாலும் எலியைத் தொடும் முன் ஆன்டிபயாட்டிக் இல்லாமல் வளர்த்து பிளாட் ஓட்டிப் பார். குரங்கு வரை போனால் டி செல் எத்தனை வந்தது என்று மட்டும் எண்ணாதே, குடலில் விழித்திருக்கும், எச்ஐவி நுழையப் பிடித்துக்கொள்ளும் சிசிஆர்5 உள்ள சிடி4 செல்கள் எத்தனை என்றும் எண்ணு. இரண்டாவது எண்ணிக்கை ஏறியிருந்தால் முதலாவதை வைத்துக் கட்டுரை எழுத அவசரப்படாதே. போன மாதம் வந்த பையன் இதையெல்லாம் எழுதிக்கொண்டு, "இதுக்கே ரெண்டு வருஷம் ஆயிடுமே?" என்றான். பிசிஜி என்றால் மூன்று என்றேன்.